மொரோவேய்க்கு ஒரு படையல்

14 ஜூன் 2023

மாடி ஏறினேன், இறங்கினேன். மறுபடி ஏறினேன், இறங்கினேன். எழுத வேறொன்றும் இல்லை.

15 ஜூன்

நேற்று பேனாவைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். கன்னத்தில் மைக்கோடு. காலையில் அத்தை பார்த்துவிட்டு, "இன்னாடி இது, மூஞ்சில கோலம்" என்றார். சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

போன மாதக் கடைசியில் என் வீட்டுக்காரருக்கு டி.பி. என்று ரிசல்ட் வந்ததிலிருந்து இதே பிழைப்புதான். அவர் மாடி அறையில். தட்டு தனி, டம்ளர் தனி, துண்டு தனி, எல்லாம் வெந்நீரில். எனக்கும் அத்தைக்கும் பாப்பாவுக்கும் டெஸ்ட் எடுத்து ஒன்றுமில்லை என்று வந்தது. இருந்தாலும் பயம். பாப்பாவைத் திருநாவலூரில் என் அம்மா வீட்டில் விட்டிருக்கிறேன். அப்பாவுக்குச் சளி போனதும் கூட்டிக்கொண்டு வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். தினமும் போனில், "சளி போச்சாம்மா?"

இந்த நோட்டில் மட்டும்தான் டி.பி. என்று எழுத முடிகிறது. வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தாலே அத்தை காதைப் பொத்திக்கொள்கிறார். தெருவுக்கு மஞ்சள்காமாலை என்று சொல்லிவைத்திருக்கிறார். மாத்திரை கொண்டுவரும் நர்ஸ் சாலம்மாளையும் வீட்டுப் பக்கம் வராதீங்க, பஸ் ஸ்டாண்டிலேயே கொடுத்துடுங்க என்று சொல்லிவிட்டார். நான்தான் போய் வாங்கி வருகிறேன், கள்ளச்சாராயம் வாங்குகிற மாதிரி.

22 ஜூன்

மார்த்தாவிடமிருந்து புது வேலை. போலந்திலிருக்கிற அவருடைய ஆட்டக் கம்பெனிக்கு நான் எழுத ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. தியாகதுருகத்தில் உட்கார்ந்துகொண்டு அரக்கர்களும் மந்திரவாதிகளும் இருக்கிற ஊர்களை இங்கிலீஷில் கட்டிக் கொடுக்கிறேன். ஆட்டம் என்றால் கம்ப்யூட்டர் ஆட்டமில்லை. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, வாயாலேயே ஒரு கதைக்குள் போய், பகடை உருட்டி வெட்டு குத்து பண்ணுவது. எழுத ஆரம்பித்த புதிதில் என் வீட்டுக்காரருக்கு இதை விளக்கினபோது, "அட, அரிதாரம் பூசாத கூத்து" என்றார். அதைவிடச் சரியாக இன்னும் யாரும் சொல்லவில்லை.

இந்த முறை கேட்பது ஒரு தெய்வம். ஸ்லாவிய மக்களுடைய பழங்கதை வாசனையோடு, காற்றுக்கும் நோய்க்கும் ஒரே தெய்வம். கொடியவனாக இருக்க வேண்டும். அடையாளம், பக்தர்கள், பலவீனம், எப்படித் தோற்கடிப்பது - எல்லாம் வேண்டும்.

"நீங்கள்தானே அந்த ஊர்க்காரர், என்னிடம் ஏன்?" என்று கேட்டேன். "எங்கள் ஆட்கள் எழுதினால் பனியும் ஓநாயுமாகவே வருகிறது" என்றார் மார்த்தா. காற்றுக்கும் நோய்க்கும் ஒரு தெய்வம்! நல்ல நேரம் பார்த்துக் கேட்டாள் மகராசி.

3 ஜூலை

தெய்வத்துக்குப் பெயர் வைத்தாயிற்று. மொரோவேய். கொள்ளைநோய்க்கு அவர்கள் சொல்லும் சொல்லையும் காற்று வீசுவதற்குச் சொல்வதையும் ஒட்டவைத்தது. மார்த்தா சரி என்றுவிட்டார்.

மாடி அறை ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு, மாஸ்க்கோடு உட்கார்ந்து அவரிடம் படித்துக் காட்டினேன். ஒல்லிக் கிழவன். நீளக் கோட்டு. கோட்டு முழுக்கப் பை, ஒவ்வொரு பையிலும் ஒரு காய்ச்சல். கதவைத் தட்டமாட்டான், இடுக்கில் நுழைவான். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அவனும் பாவம்தான். எந்த ஊரு போனாலும் கதவச் சாத்தறான். ட்ரிப்பு முடியாத வண்டிக்காரன்" என்றார். கரியாலூர் அருவிக்கு வேன் ஓட்டினவர், எல்லாரையும் வண்டிக்காரனாகத்தான் பார்ப்பார். வேன் இப்போது தார்ப்பாய் மூடிக் கீழே நிற்கிறது.

மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதாம். முட்டி வலிக்கிறதாம். சிறுநீர் சிவப்பாகப் போகிறது - அது மாத்திரையின் நிறம், பயப்படாதே என்று சாலம்மாள் முதல் நாளே சொல்லியிருந்தார். மாடி பாத்ரூமில் அந்தக் கறையைத் தேய்த்துத் தேய்த்து என் மணிக்கட்டு போயிற்று.

எதிர்வீட்டு இருசப்பன் இருமுகிறார். அத்தை எழுந்துபோய்த் தெரு ஜன்னலைச் சாத்தினார். அங்கேயும் அவர் மனைவி பச்சையம்மாள் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

17 ஜூலை. ஆடி ஒன்று

அத்தை பிடித்த பிடியை விடவில்லை. "இது டாக்டர் வேல இல்ல அமிர்தம். உச்சி வேளைல கரியாலூர் மலைல வண்டிய நிறுத்திட்டு எறங்கியிருக்கான். காத்து அடிச்சிடுச்சி." டாக்டர் எக்ஸ்ரேயில் காட்டினதெல்லாம் அத்தைக்கு வெறும் படம்.

வாடகைக் கார் பிடித்து, கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டுப் போனோம். ஆடிக் காற்று காதைக் கிழித்தது. மலையில் அம்மாசி என்ற பெரியவர் வேப்பிலை அடித்து, கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். மனசுக்கு ஆறுதல்தானே, கயிறு மாத்திரையோடு சண்டைக்கா போகப்போகிறது என்று நினைத்தேன். திரும்பும்போது அவர் தூங்கினார். அத்தை கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். ரொம்ப நாளைக்கப்புறம் மகனைத் தொடுகிறார்.

25 ஜூலை

ஆச்சரியம். நன்றாகச் சாப்பிடுகிறார். வயிற்றுப் புரட்டல் போய்விட்டது. மீன் குழம்பு கேட்டார். "பாத்தியா?" என்கிறார் அத்தை, கயிற்றைக் காட்டி. இருக்கட்டும், பெயர் யாருக்குப் போனால் என்ன, ஆள் தேறினால் சரி.

பாத்ரூம் கழுவுவதும் சுலபமாகிவிட்டது. கறையே இல்லை. தண்ணீர் நிறையக் குடிக்கிறார் போல.

பாப்பாவிடம், "சீக்கிரம் வரலாம்டா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ? சொல்லிவிட்டேன்.

2 ஆகஸ்ட்

சாயங்காலக் காய்ச்சல் திரும்பி வந்துவிட்டது. இருமலும். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "ஆடிக் காத்துக்கு எல்லாருக்கும்தான் இருமுது, சும்மா இரு" என்று எரிந்து விழுகிறார். சும்மா இருக்கணுமாம். நான் எப்போது சும்மா இருந்தேன்?

மார்த்தாவும் நெருக்குகிறார். அவர்கள் ஆட்கள் மொரோவேயை ஆடிப் பார்த்தார்களாம். முதல் சந்திப்பிலேயே நாலு பேரும் வாளை உருவினார்களாம். வாள் காற்றில் போயிற்று. கடைசியில் அவனை அடுத்த ஊர்ப் பக்கம் விரட்டிவிட்டு ஜெயித்தோம் என்று எழுந்துவிட்டார்கள். "சுவையில்லை அமிர்தம். இவனைத் தோற்கடிக்க ஒரு வழி சொல்" என்கிறார். எனக்குத் தெரிந்தால் முதலில் என் வீட்டு மாடியில் செய்திருப்பேன்.

6 ஆகஸ்ட், ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் மொட்டைமாடியில் மூன்று பேரும். அவர் அறை வாசலில், நான் தண்ணீர்த் தொட்டி பக்கம், அத்தை காற்று வரும் பக்கமாகச் சாக்கு விரித்து மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டு. மொரோவேயை நாமும் ஒருமுறை ஆடிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவருக்குப் பொழுது போகட்டும், எனக்கு வேலை ஆகட்டும். "சாமி வேஷம் எனக்குத்தான்" என்றார். நான் ஊர்த் தலைவர். மொரோவேய் ஊருக்குள் வந்துவிட்டான், வீட்டுக்கு வீடு காய்ச்சல் என்று கதையை ஆரம்பித்துவிட்டு, "தலைவர் வாளை உருவுகிறார்" என்று பகடையை எடுத்தேன்.

அத்தை மல்லாட்டையைப் போட்டுவிட்டார். "இன்னாடி பண்ற? வந்தது சாமின்ற, வெட்டப் போறன்ற. சாமிய யாராச்சும் வெட்டுவாங்களா? இன்னாத்துக்கு வந்துதுன்னு கேக்க வாணாமா?"

"நீங்களே கேளுங்க அத்தை" என்றேன், விளையாட்டாக.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தை அவர் எதிரே போய் உட்கார்ந்தார். மாஸ்க்கை மட்டும் மறக்காமல் ஏற்றிக்கொண்டார்.

"யாரு நீ? எந்த ஊரு?"

"வடக்க. பனி பெய்யிற ஊரு. பேரு மொரோவேய்."

"எங்க ஊருக்கு இன்னாத்துக்கு வந்த?"

"கதவு தொறந்து இருந்துச்சி. வந்தேன்."

"இன்னா வேணும் ஒனக்கு? கூழா, கோழியா, பொங்கலா? சொல்லு, வாங்கினு போயிடு."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. வசனம் யோசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு வந்த குரல் விளையாட்டுக் குரலாக இல்லை.

"ஒண்ணும் வாணாம். நான் போறதா இல்ல. எனக்கு இங்க எடம் சௌகரியமா கீது."

"யாரு எடம் குடுத்தது?"

"ஒம் புள்ளதான். ஆடி ஒண்ணாந்தேதிலர்ந்து மாத்திரையே முழுங்கல. கையில வாங்கி வாயில போடுற மாதிரி போட்டு, தண்ணித் தொட்டி பின்னாடி துப்பிக்கினு கீறான். கயிறு கட்டியாச்சி, ஒடம்பு தேறிடுச்சி, இனிமே இன்னாத்துக்கு இந்த வவுத்துப் பொரட்டல்னு நெனச்சான். இப்ப சொல்றதுக்குப் பயப்படுறான். எனக்கு வேல சுலுவா போச்சி."

பகடை என் கையிலேயே இருந்தது. தொட்டி என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை கையைக் காட்டி அடக்கினார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, குரல் மட்டும் அசையவில்லை. கோயிலில் சாமி வந்தவரைக் கேட்பதுபோலவே கேட்டார்.

"சரி. எப்ப போவ?"

"மொதல்லர்ந்து படையல் போடணும். ஆறு மாசம்."

"இன்னா படையல்?"

"மாத்திர. அதுதான் எனக்குப் படையல்."

"தெனமுமா?"

"தெனமும். நடுவுல உட்டா நான் பழைய ஆளா இருக்க மாட்டேன். கெட்டிப்பட்டுப் பூடுவேன். அப்புறம் எந்த மாத்திரைக்கும் மசிய மாட்டேன்." இது டாக்டர் முதல் நாள் சொன்னது. அத்தை அன்றைக்குக் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். இன்றைக்குக் கேட்டார்.

"போட்டா போயிடுவியா? கற்பூரத்து மேல அடிச்சி சொல்லு."

கீழே ஓடிப்போய்க் கற்பூரம் எடுத்துவந்தது நான்தான். ஆடிக் காற்றில் தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது. அத்தை முந்தானையால் மறைத்துக்கொள்ள ஒருவழியாகப் பற்றியது. அவர் கயிறு கட்டிய கையை ஓங்கி அதன்மேல் அடித்தார்.

"போயிடுவேன்மா" என்றார். அந்த 'மா' மட்டும் சாமி குரலில் இல்லை.

7 ஆகஸ்ட்

தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். மழையில் ஊறினதும் ஊறாததுமாகச் சிவப்பு மாத்திரைகள். வாரி முறத்தில் போட்டுக் கீழே கொண்டுவந்தேன். அப்போதுதான் பாத்ரூம் கறை நினைவுக்கு வந்தது. கறை போயிடுச்சின்னு சந்தோஷப்பட்டேனே! எம்.ஏ. படிச்ச முட்டாள்! ஏன்யா, ஏன்? ஒம் பொண்ணு அங்க தெனமும் கேக்குதே! நான் மாடி ஏறி ஏறி முட்டி தேஞ்சி சாவுறனே, நீ தொட்டி பின்னாடி துப்புவியா?

இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேராகக் கேட்கத்தான் படியேறினேன். அத்தை நடுப்படியில் மறித்துக்கொண்டார். "வந்தவன் சொல்லிட்டுப் போயிட்டான். சாமி சொன்னத வச்சி மனுசனக் கேள்வி கேக்கக் கூடாது. ராசுவ ஒண்ணும் கேக்காத."

கேட்கவில்லை. திரும்பி இறங்கிவிட்டேன்.

மூன்று பேரும் ஆஸ்பத்திரி போனோம். டாக்டர் திட்ட வேண்டியதைத் திட்டினார். சளியில் கிருமி இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து. கிருமி மாத்திரைக்குப் பழகிவிட்டதா என்று பார்க்க மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். பழகியிருந்தால்? வேறு மருந்து, நீண்ட வைத்தியம், பாப்பா இன்னும் எவ்வளவு காலமோ. அந்த ரிசல்ட் வரும்வரை என்னால் மொரோவேயை மேலே எழுத முடியாது.

10 ஆகஸ்ட்

அத்தை காலையில் குளித்துவிட்டு, வெற்றிலை கழுவி, அதன்மேல் மாத்திரை, பக்கத்தில் அவித்த முட்டை, ஒரு சொம்பு தண்ணீர் வைத்து மாடிக்கு எடுத்துப்போகிறார். என்னைத் தொடவிடவில்லை. "மோர்சாமிக்கு நான்தான் போடுவேன்." மொரோவேய் அத்தை வாயில் நுழையவில்லை. அவர் விழுங்கி, வாயைத் திறந்து காட்டி, நாக்கைத் தூக்கிக் காட்டினால்தான் அத்தை இறங்குகிறார். அவர் ஒரு வார்த்தை முனகுவதில்லை.

அத்தைக்கு நிஜமாகவே சாமி வந்ததென்று நம்பிக்கையா, இல்லை மகன்தான் பேசினான் என்று தெரியுமா? கேட்க நினைத்தேன். கேட்டு என்ன ஆகப்போகிறது.

14 ஆகஸ்ட்

ரிசல்ட் வந்தது. பழகவில்லை. இதே மாத்திரை கேட்கும்.

சாலம்மாள் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னார். கள்ளக்குறிச்சி பஸ் கிளம்புகிற இரைச்சலில் இரண்டாம் முறை சொல்லச் சொன்னேன். அங்கேயே பழக்கடை ஓரமாக உட்கார்ந்து அழுதேன். கடைக்காரர் என்ன நினைத்தாரோ, ஒரு கொய்யாப்பழத்தைக் கையில் கொடுத்தார். தின்றுகொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

9 செப்டம்பர்

மொரோவேயை அனுப்பிவிட்டேன். தோற்கடிக்கும் வழி என்ற இடத்தில் எழுதினது இது: இவனை வெட்ட முடியாது. எதிரில் உட்கார்ந்து யார், ஏன் வந்தாய், என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். அவன் பொய் சொல்லமாட்டான். அவன் கேட்கும் படையலைக் கெடு முடியும்வரை நாள் தவறாமல் போட வேண்டும். நடுவில் நிறுத்தினால் முன்னைவிடப் பலமாக எழுவான்.

மார்த்தா போனில் ரொம்ப நேரம் பேசினார். அவர்கள் பக்கத்துக் கிராமங்களிலும் அந்தக் காலத்தில் அம்மைநோயைப் பெயர் சொல்லித் திட்டமாட்டார்களாம். வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி மரியாதையாகப் பேசி அனுப்பிவைப்பார்களாம். "சண்டை இல்லையே என்று ஆடுகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை" என்றார். ஒரு கேள்வி மட்டும் பாக்கி வைத்தார். படையல் முடிந்து கிளம்புகிறவன் எங்கே போவான்?

அத்தையிடம் கேட்டேன். "ஊரு எல்லைல உட்டுடுவாங்க." எல்லைக்கு அந்தப் பக்கம்? முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், "அது அவங்க பாடு" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வெறும் காம்பையே ஆய்ந்துகொண்டிருந்தார்.

15 அக்டோபர்

சளியில் கிருமி இல்லை. பாப்பா வந்துவிட்டாள். அப்பாவைத் தொடலாமா என்று என்னைக் கேட்டாள். தொடு என்றேன். அவர் திரும்பிக்கொண்டார், முகத்தை யாருக்கும் காட்டவில்லை.

மாத்திரை இன்னும் முடியவில்லை. அத்தை விடுவதாயில்லை.

20 டிசம்பர்

வெற்றிலை, மாத்திரை, முட்டை. மழை. அலுப்பு. எதிர்வீட்டில் இருமல், ராத்திரி பகல் பார்க்காமல். "பீடி இருமல்" என்று பச்சையம்மாள் குழாயடியில் யாரும் கேட்காமலேயே சொல்கிறாள்.

12 பிப்ரவரி 2024

முடிந்தது. டாக்டர், "இனி மாத்திரை வேண்டாம், வண்டி ஓட்டலாம்" என்றார். அவர் நேராகப் போய்த் தார்ப்பாயை உருவினார். வேனுக்குள் எலிக்குடும்பமே இருந்தது. நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்தேன். மாடி ஏறவேண்டிய வேலை ஒன்றுமில்லை. எழுந்திருக்கவே தோன்றவில்லை.

16 பிப்ரவரி, வெள்ளி

அத்தை அவருக்கு மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். அம்மை இறங்கினால் செய்வது, இதற்கும் செய்துவிட்டார். பிறகு கலயத்தில் கூழும் வேப்பிலையும் வைத்து, எல்லையில் விட்டுவிட்டு வருகிறேன் என்று இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினார். மோர்சாமியை வழியனுப்ப.

நான் வாசலில் நின்றேன். தெருவில் இறங்கினவர் நின்றார். எதிர்வீட்டில் இருசப்பன் இருமிக்கொண்டிருந்தார். அத்தை கலயத்தைப் பார்த்தார், தெருக்கோடியைப் பார்த்தார். பிறகு தெருவைத் தாண்டிப்போய், சாத்தியிருந்த கதவைத் தட்டினார்.

"பச்சையம்மா, கதவத் தொற. எம் புள்ளைக்கு மஞ்சக்காமால இல்ல. டி.பி."

தெருவே கேட்கிற மாதிரிதான் சொன்னார். இரண்டு வீட்டு ஜன்னல் திறந்தது. அவர் வேன் துடைத்துக்கொண்டிருந்த துணியோடு அப்படியே நின்றுவிட்டார். பச்சையம்மாள் கதவை அரை அளவு திறந்து, "எங்கூட்டுக்காரருக்கு பீடிதாங்க..." என்று ஆரம்பித்தாள்.

"நானும் காத்துன்னுதான் சொல்லிக்கினு இருந்தேன். எம் புள்ள சாவறதுக்கு இருந்தான். சளி டெஸ்ட்டு எடுக்கலாம், வா. ராசு வண்டி எடுக்கறான்."

பச்சையம்மாள் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தை கலயத்தை அவர்கள் வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டு உள்ளே போனார். கூழை அப்புறம் கோழி தின்றது.

வேன் கிளம்பியபோது எல்லாக் கண்ணாடியும் இறங்கியிருந்தது. பின்சீட்டில் அத்தை பச்சையம்மாளுக்கு மாஸ்க் மாட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். "மூக்குக்கு மேல ஏத்துடி."

24 பிப்ரவரி

மார்த்தாவின் கேள்விக்குப் பதில் அனுப்பினேன். படையல் முடித்த வீட்டார் அவனை எல்லையில் விடுவதில்லை, அடுத்த வீட்டில் அவனுக்குப் படையல் போடக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று.

காலையில் அத்தையைக் காணவில்லை. டீ ஆறிப்போகிறதே என்று தேடினேன். எதிர்வீட்டு முருங்கை மரத்தடியில் இருசப்பனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வெற்றிலை, அதன்மேல் சிவப்பு மாத்திரை, அவித்த முட்டை, சொம்பு.

"வவுத்தப் பொரட்டுதுங்க" என்றார் இருசப்பன்.

"பொரட்டும். வாயத் தொற. நாக்கத் தூக்கிக் காட்டு."